கொடைமடமும் குதிரைப் போர்வையும்

வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தியை நாம் இளவகுப்பிலேயே மாணவர்க்குக் கற்பித்து விடுகின்றோம். கார்காலத்து மலைச்சாரலிலே மயில் ஒன்றைக் கண்டான். அது குளிரால் நடுங்குகின்றதென எண்ணினான். தன் போர்வையை எடுத்து அதற்கு அளித்தான். கதை அவ்வளவே. ஆயின் சற்று வளர்ந்த மாணவன் கேட்கும் கேள்விக்கு விடையிறுப்பது எளிதன்று. முகிலைக் கண்டு மகிழ்ந்து ஆடும் மயிலுக்குக் குளிர் எங்கிருந்து வந்தது? குளிர்ந்தது மயிலா, பேகனா? பழம் புலவர்கள் இதனை உணராதவர் அல்லர். மயில் அந்த ஆடையை உடுக்கவும் மாட்டாது, போர்க்கவும் மாட்டாது என அறிந்தும் அவன் கொடுத்தான் என்றே பரணர் பாடினார். இத்தகைய ஈகைக்குக் 'கொடைமடம்' என்று ஒரு பெயரும் வழங்கிற்று. புகழ்ச்சியும் மெல்லிய நகைப்பும் ஒருங்கே கலந்த சொல் அது.

இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த இந்தக் கேள்வி இன்றும் ஆண்டுதோறும் எழுப்பப்படுகின்றது. எழுப்புவோர் நம்மவர் அல்லர். இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்கண்டிநேவிய நாடுகள், கனடா ஆகிய குளிர்நாடுகளிலே குதிரை வளர்ப்போர். இலையுதிர் காலம் முடிந்து மழையும் குளிரும் ஒன்றாய் இறங்கும் வேளையிலே, வெளியிலே மேயும் இளங்குதிரைகளுக்குப் போர்வை அணிவிப்பதா, அணிவியாது விடுவதா என்பதே கேள்வி. குதிரைப் போர்வை என்பது வெறும் கம்பளித் துண்டு அன்று. நீர் புகாத தடித்த வெளித்துணியும், உள்ளே வெப்பம் காக்கும் பஞ்சடைப்பும், மார்பிலும் வயிற்றின் கீழும் பூட்டும் வார்களும் கொண்டது. கழுத்தடியிலிருந்து வாலடி வரை முதுகையும் விலாவையும் மூடுவது. கித்தானால் ஆன பழைய வகையை 'நியூசிலாந்துப் போர்வை' என்று ஆங்கிலேயர் அழைத்தனர். இந்தப் போர்வையைப் பற்றி அந்நாட்டுக் குதிரைக்காரர் நடத்தும் வாதம், சிலபோது நம் பண்டிதர் யாப்பிலக்கணம் பற்றி நடத்திய வாதங்களையும் விஞ்சும் சூடுடையது. ஒரு சாரார், போர்வையின்றி ஓர் இளம் பிராணியை மழையில் விடுவது கொடுமை என்பர். மறு சாரார், இயற்கை அளித்த மயிர்ப்போர்வை இருக்க மனிதன் அளிக்கும் போர்வை எதற்கு என்பர்.

நெடுந்தீவின் மட்டக்குதிரைகளையும், பருவகாலத்தில் நுவரெலியா ஓட்டப் பந்தயத் திடலில் ஓடும் குதிரைகளையும் அன்றி வேறு குதிரை காணாத நமக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர் வினவலாம். ஒல்லாந்தர் காலம் தொட்டு நெடுந்தீவில் வாழும் அக்குதிரைகளுக்குக் குளிர் ஒரு பொருட்டன்று. வறட்சியில் குடிநீரின்றி அவை மடிவதே அங்குள்ள துயரம். அவற்றுக்கு எவரேனும் போர்வை கொண்டு சென்றால் சிரிப்போம். ஏன் சிரிப்போம் என்பதைச் சிந்திப்பதே நம் நோக்கம். பிறிதோர் உயிரின் தேவையை நாம் எவ்வாறு அறிகின்றோம்? அறியாமலே செய்யும் அன்பு அன்பாகுமா? இயற்கையின் பெயரைச் சொல்லிக் கைகட்டி நிற்பது அறமாகுமா? குதிரைக் குட்டியின் முதுகில் கிடக்கும் ஒரு துணி இத்தனை கேள்விகளையும் சுமந்து நிற்கின்றது. (தொல்காப்பிய மரபியல் குதிரையின் இளமைப் பெயராகக் 'கன்று' என்பதை உரிமையாக்குகின்றது. நாம் வழக்கு நோக்கிக் 'குட்டி' என்றே எழுதுகின்றோம். இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்க.)

முதலில் அந்த உடல் எவ்வாறு இயங்குகின்றது என்பதை நோக்குவோம். ஒழுக்கவியல் பேச முற்படுவோர் பலர் உடலியலைக் கீழான துறையாகக் கருதி ஒதுக்கி விடுகின்றனர். அதனாலேயே அவர்களது ஒழுக்கவியல் அந்தரத்தில் தொங்குகின்றது. குதிரைக்குக் குளிர்கால மயிர் வளர்வது குளிர் வந்த பின்னர் அன்று. கோடையின் நடுவிலே பகற்பொழுது குறுகத் தொடங்கியதுமே, கண்வழிப் புகும் ஒளியின் அளவு மூளைக்குச் செய்தி சொல்லி விடுகின்றது. குளிர் வருமுன்னரே உடல் ஆயத்தமாகின்றது. அந்த மயிர்களின் அடியிலுள்ள நுண்ணிய தசைகள் குளிரில் மயிரைச் சிலிர்க்கச் செய்கின்றன. சிலிர்த்த மயிர்களுக்கிடையே காற்று சிறைப்படுகின்றது. உடலின் சூட்டைக் காப்பது உண்மையில் மயிர் அன்று, அச்சிறைப்பட்ட காற்றே. தோலிலிருந்து ஊறும் எண்ணெய்ப் பசை மழைநீரை வழித்து விடுகின்றது. இவற்றோடு வயிற்றிலே ஓர் அடுப்பும் உண்டு. உலர்ந்த புல்லின் நார்ப்பொருள் பெருங்குடலிலும் குருட்டுக் குடலிலும் நுண்ணுயிர்களால் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கின்றது. குளிர்நாளில் குதிரைக்கு வேண்டியது தானியத்தைவிட உலர்ந்த புல்லே என்று அனுபவமுடையோர் கூறுவதன் காரணம் இதுவே.

இவ்வாறு ஆயத்தமான உடல், நாம் கற்பனை செய்வதைவிடப் பெருங்குளிரைத் தாங்கும். மிதமான தட்பவெப்பத்தில் வாழும் வளர்ந்த குதிரை, ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் வரை மேலதிக வெப்பம் எதனையும் உண்டாக்க வேண்டிய தேவையின்றி இருக்கும். கனடாவின் கடுங்குளிருக்குப் பழகி நன்கு உணவுண்ட குதிரை, பூச்சியத்தின் கீழ் 15 பாகை வரையிலும் அவ்வாறே நிற்கும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐஸ்லாந்தின் குதிரைகளிற் பல குளிர்காலம் முழுவதையும் வெளியிலேயே கழிக்கின்றன. இங்கிலாந்தின் எக்ஸ்மூர் மேட்டுநிலத்து மட்டக்குதிரைக்கு இரட்டை மயிரடுக்கு உண்டு. அதன் முதுகில் விழும் பனி உருகாமலே கிடக்கும். உள்ளிருக்கும் சூடு வெளியே கசிவதில்லை என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஒரு கம்பளிச் சட்டையும் அதன்மேல் ஒரு மழையங்கியும் அணிந்து, பற்கள் கிட்டிக்க வேலியோரம் நின்று அதனைப் பார்க்கும் மனிதன், தன் நடுக்கத்தை அதன்மேல் ஏற்றிக் கூறுகின்றான். பேகனின் பிழையும் இதுவே.

இதுவரை கூறியவை போர்வை வேண்டா என்பாரின் கட்சிக்கு வலுச்சேர்ப்பன. ஆயின் தலைப்பிலே குளிர் மட்டும் இல்லை, மழையும் உண்டு. இங்கிலாந்தின் குளிர்காலம் கனடாவினதைப் போல உறைந்து உலர்ந்தது அன்று. பூச்சியத்துக்கு மேலே சில பாகையில் நின்று, நாட்கணக்கில் நனைத்துக்கொண்டே இருப்பது. நீர் வெப்பத்தைக் கடத்தும் வேகம் காற்றினதைவிட இருபது மடங்குக்கும் மேற்பட்டது. தொடர்மழையில் மயிர் படிந்து, காற்றுச் சிறை உடைந்து, தோல் வரை நனைந்துவிட்டால் இயற்கைப் போர்வை பெரும்பகுதி பயனற்றுப் போகின்றது. அதனோடு காற்றும் வீசினால் 4 பாகை மழைநாள், உலர்ந்த உறைபனி நாளைவிடக் கொடியதாகின்றது. குளிரை மட்டும் பொருட்படுத்தாது நிற்கும் குதிரைகள், மழையும் காற்றும் சேர்ந்து வரும்போது கூரையைத் தேடிச் செல்வதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

இன்னொன்று, இளமை. சிறிய உடலுக்குத் தன் பருமனோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு மிகுதி. எனவே விரைவில் சூடிழக்கும். பிறந்து சில நாளேயான குட்டிக்கு ஏறத்தாழ 20 பாகையிலேயே தன்னைச் சூடாக்கிக்கொள்ள வேண்டிய நிலை வந்துவிடும். அதன் தாய் புல்மேய்ந்து நிற்கும் அதே காலையில், அதே இடத்தில், குட்டி குளிரில் தவிக்கலாம். பால்மறந்த குட்டியோ, தன் உணவின் ஆற்றலை வளர்வதற்கும் சூடுகாப்பதற்கும் பங்கிட வேண்டியுள்ளது. ஓராண்டு நிறைந்து, நன்கு உண்டு, மயிரும் வளர்ந்த குதிரையின் நிலை பெரும்பாலும் வளர்ந்த குதிரையின் நிலையே. ஆக 'இளங்குதிரை' என்று பொதுப்படக் கூறி ஒரே விதியைச் சுமத்துவோர் எந்தக் கட்சியினராயினும் தவறு செய்கின்றனர்.

இனி, 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்ற வாதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முற்போக்காளர் சிலரிடமும் இயற்கை என்ற சொல்லின்மேல் ஒரு மயக்கம் உண்டு. எந்த இயற்கை? கட்டின்றித் திரியும் குதிரைக் கூட்டம் மழைவரும் திசையறிந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும். மரத்தோப்பின் மறைவுக்குச் செல்லும். பின்புறத்தைக் காற்றுக்குக் காட்டி, வாலை ஒடுக்கி, ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். மனிதன் செய்தது என்ன? அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றையோ இரண்டையோ பிரித்தெடுத்தான். மரமில்லாத சதுர நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி இட்டான். எந்தப் புல்லை எவ்வளவு உண்பது என்பதையும் தானே தீர்மானித்தான். ஓட்டத்துக்கென்றே நூற்றாண்டுகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்த இனத்திற்கு மெல்லிய தோலையும் குட்டையான மயிரையும் கொடுத்தான். இத்தனையும் செய்த பின்னர் மழைநாளில் மட்டும் 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்பது, கூலியைக் குறைத்துவிட்டுத் தொழிலாளிக்குச் சிக்கனத்தை உபதேசிப்பதை ஒக்கும். வேலியை இட்டவனுக்கு வேலிக்குள் இருப்பதன்மேற் கடமை உண்டு. பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டமும், விலங்கைப் பொறுப்பிற் கொண்டவன் அதற்கேற்ற சூழலை அளித்தாக வேண்டும் எனத் தேவையின் மொழியிலேயே பேசுகின்றது. அவன் மனத்து இரக்கத்தின் அளவை அது கேட்கவில்லை.

குட்டிகள் எவ்வாறு குளிர்காலத்தின் நடுவிலே பிறக்க நேர்ந்தன என்ற கேள்வியை இரு கட்சியினரும் அதிகம் எழுப்புவதில்லை. நமக்கோ அதுவே மிக முக்கியமாகத் தோன்றுகின்றது. குதிரையின் கருக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். பகல் நீளும் இளவேனிலிலும் கோடையிலுமே பெண்குதிரை சினைப்படும். எனவே அடுத்த ஆண்டு புல் தளிர்த்து வெயில் இதமாகும் பருவத்திலேயே குட்டி பிறக்கும். இயற்கை வகுத்த கணக்கு இது. ஆயின் பந்தயக் குதிரைகளுக்கு வட கோளத்தில் எந்நாளில் பிறந்தாலும் ஜனவரி 1ஆம் திகதியே பிறந்தநாள். இங்கிலாந்தில் முன்னர் மே 1ஆக இருந்த இந்த நாள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஜனவரிக்கு மாற்றப்பட்டது. தென்கோளத்து அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அது ஓகஸ்ட் 1. இதன் விளைவு யாது? மே மாதத்தில் பிறந்த குட்டியும் ஜனவரி பிற்பகுதியில் பிறந்த குட்டியும் ஏட்டளவில் ஒரே வயதினவாகின்றன. இரண்டு வயதுக் குதிரைகளின் பந்தயத்திலே நான்கு மாத மூப்பு என்பது பெரும் அனுகூலம். ஏலத்திலே அது விலை. எனவே குட்டியை இயன்றவரை முன்னதாகப் பிறப்பிக்க வேண்டும். அதற்காகக் குளிர்காலம் முழுவதும் பெண்குதிரைகளை மின்விளக்கின் கீழே நிறுத்தி, நாளொன்றுக்குப் பதினாறு மணிநேரம் ஒளிகாட்டி, இளவேனில் வந்துவிட்டதென அவற்றின் உடலை நம்பச் செய்கின்றனர். பிறக்கும் குட்டி கண்விழிப்பதோ பெப்ரவரியின் ஈரத்திலும் கூதலிலும்.

சந்தை விதி ஒன்று குட்டியைக் குளிருக்குள் தள்ளுகின்றது. அதன் பின்னர் அதே சந்தையின் கை ஒரு போர்வையை நீட்டுகின்றது. அந்தக் குட்டிக்கு அந்தப் போர்வை வேண்டியதே. அதனை மறுப்பவன் மூடன். ஆயின் போர்வையை மட்டும் கண்டு கருணை என்று புகழ்வது அரைப் பார்வை.

ஓராண்டு கழித்து இன்னொரு போர்வை வருகின்றது. நியூமார்க்கட் நகரில் அக்டோபர் மாதத்திலே ஓராண்டுக் குட்டிகளின் பேர்போன ஏலம் நடைபெறும். மயிர் அடர்ந்து கரடிபோல் நிற்கும் குட்டி அங்கே எடுபடாது. பட்டுப்போல் மினுங்கும் தோலே வாங்குவோன் கண்ணைக் கவரும். ஆகையால் ஏலத்துக்கு முந்திய வாரங்களில் குட்டிகளை உள்ளே அடைத்துப் போர்த்தி வைக்கின்றனர். குட்டிக்குக் குளிர்கின்றது என்பதற்காக அன்று; குளிருக்கு ஆயத்தமாகும் அதன் உடலை ஆயத்தமாகாமல் தடுப்பதற்காக. மயிரின்றி நிற்கும் குட்டிக்கு அதன்பின் போர்வை உண்மையாகவே தேவைப்படுகின்றது! பாதுகாப்பின் பெயரால் பலவீனத்தை உண்டாக்கி, அப்பலவீனத்தையே பாதுகாப்புக்கு நியாயமாகக் காட்டும் இந்த வித்தை குடியேற்ற நாட்டு மக்களாகிய நமக்குப் புதிதன்று.

போர்வை மூடுவது குளிரை மட்டுமா? குளிர்காலத்தில் இளங்குதிரை மெலியத் தொடங்கினால் முதலில் தெரிவது விலாவில். நாள்தோறும் போர்த்தியே கிடக்கும் குட்டியின் விலாவை எவரும் பார்ப்பதில்லை. போர்வையின் மேற்புறம் புதிதாய், வண்ணமாய், நல்ல விலைகொடுத்து வாங்கியதாய் இருக்கும். உள்ளே எலும்பு எண்ணக்கூடியதாய் இருக்கும். ஈரம் கசிந்த போர்வையோ நனைந்த மயிரைவிடக் கேடானது. அதனடியிலே பேன் பெருகும். புண்ணும் பொருக்கும் உண்டாகும். வளரும் உடலுக்கு ஐப்பசியில் அளந்த போர்வை தை மாதத்தில் தோளை அறுக்கும். துள்ளி விளையாடும் பருவத்துக் குட்டியின் கால் தளர்ந்த வாரிலே சிக்கினால் நேரும் விபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சிறிதாகத் தோன்றினும் நாம் விட்டுவிட விரும்பாத செய்தி இன்னொன்று உண்டு. இரண்டு இளங்குதிரைகள் எதிரெதிர் நின்று, ஒன்றின் தோள்மேட்டை மற்றது பல்லால் மெல்லக் கோதிக்கொள்வது அவற்றின் நட்பு. போர்வை அந்த இடத்தைத்தான் முதலில் மூடுகின்றது.

அப்படியாயின் குதிரையின் விருப்பம் யாது? அதனை எவ்வாறு அறிவது? வாய்பேசாப் பிராணியின் உள்ளத்தை அறிய வழியில்லை என்று கைவிரித்துவிடுவது மெய்யியலாளர்க்கு வசதியான முடிவு. நோர்வே நாட்டில் சில ஆய்வாளர் அவ்வாறு கைவிரிக்கவில்லை. செசிலி மெய்டெல் என்பாரும் அவரது உடனாய்வாளரும் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று இந்த வாதத்தின் போக்கையே மாற்ற வல்லது. அவர்கள் 23 சவாரிக் குதிரைகளுக்கு மூன்று வெண்பலகைகளைக் காட்டிப் பழக்கினர். குறுக்குக் கோடு வரைந்த பலகையை மூக்கால் தொட்டால் போர்வை போர்த்தப்படும். நெடுக்குக் கோட்டுப் பலகையைத் தொட்டால் போர்வை கழற்றப்படும். கோடற்ற பலகையைத் தொட்டால் உள்ளபடியே விடப்படும். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடப் பயிற்சி. சுமார் இரண்டு வாரத்தில் இருபத்து மூன்றும் கற்றுக்கொண்டன. பின்னர் வெவ்வேறு காலநிலைகளில் அவற்றிடம் கேட்கப்பட்டது. வெயில் காயும் நாளில் போர்வை பூண்டிருந்தவை கழற்றும்படி கேட்டன. மழையும் காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் போர்வை அற்றவை போர்த்தும்படி கேட்டன.

இந்த ஆய்வு இரு கட்சியினரையும் நாணச் செய்கின்றது. 'குதிரைக்குப் போர்வை ஒருபோதும் வேண்டா' என்றோர்க்கு அவை வேண்டும் என்றன. 'குளிர்காலம் முழுவதும் வேண்டும்' என்றோர்க்கு வேண்டா என்றன. காலநிலை மாறியபோது விடையும் மாறியது. மாறாத விடையை வைத்திருந்தவர் மனிதரே. சவாரிக் குதிரைகளின் விருப்பத்தைக் கொண்டு குட்டிகளின் தேவையை முற்றாக அளந்துவிட முடியாது என்பது உண்மை. விருப்பமும் நலமும் எப்போதும் ஒன்றல்ல என்பதும் உண்மை. நம் மாணவர் எல்லோரையும் விருப்பத்தின்படி விட்டால் பள்ளிக்கூடம் என்னாகும் என்பது நமக்குத் தெரியும். எனினும் கேட்கலாம், கேட்டால் விடை வரும் என்பது நிறுவப்பட்டபின், கேளாமலே தீர்மானிக்கும் உரிமையை எவரும் முன்போல் எளிதாகக் கோர முடியாது. விலங்குகளுக்குச் சிந்திக்கும் ஆற்றல் உண்டா என்பதன்று, துன்புறும் ஆற்றல் உண்டா என்பதே கேள்வி என 1789இல் பெந்தாம் எழுதினார். அது பெரிய அடிவைப்பு. ஆயினும் பெந்தாமின் கேள்விக்கு விடையளிப்பவர் மனிதரே. நோர்வேயின் வெண்பலகைமுன் விடையளித்தது குதிரை.

நல்லெண்ணம் இருந்தால் போதாதா என்பார்க்கு, 1877இல் வெளிவந்த அன்னா சுவெல் அம்மையாரின் 'பிளாக் பியூட்டி' நாவலை நினைவூட்டலாம். குதிரை தன் வாழ்க்கையைத் தானே கூறுவதாக அமைந்த அந்நூலிலே, இரவில் மருத்துவரை அழைத்துவர விரைந்தோடி வியர்த்துத் திரும்பும் குதிரையை ஜோ என்ற சிறுவன் கவனிக்கின்றான். சூடாக இருக்கும் குதிரைக்குப் போர்வை வேண்டா என எண்ணிப் போர்த்தாது விடுகின்றான். குளிர்ந்த நீரையும் வயிறாரக் கொடுக்கின்றான். குதிரை நோயுற்றுச் சாகக் கிடக்கின்றது. ஜோ கொடியவன் அல்லன். தனக்குத் தெரிந்த அனைத்தையும் அன்போடு செய்தவன். ஆயின் 'அறியாமைதானே' என்ற சமாதானத்தை மூத்த குதிரைப்பாகன் ஏற்க மறுக்கின்றான். அவனது சினத்தை நாம் நியாயமென்றே கருதுகின்றோம். உயிரொன்றைப் பொறுப்பேற்றவனுக்கு அறிந்துகொள்வதும் கடமையின் ஒரு பகுதி. ஆயினும் பதினான்கு வயதுப் பையனிடம் அந்தப் பொறுப்பு எவ்வாறு வந்தது, அவனுக்குக் கற்பிக்க வேண்டியவர் எங்கே போயினர் என்ற கேள்வியை நாம் அந்தப் பாகனைப் போல் விட்டுவிட இயலாது.

குதிரையைப் பற்றிக் கூறிய ஒன்றை மனிதர்மேல் ஏற்றும் அபாயத்தையும் இங்குச் சுட்ட வேண்டும். 'அவை குளிருக்குப் பழகியவை' என்பது குதிரையளவில் உடலியல் உண்மை. மயிர் உண்டு, குடலில் அடுப்பு உண்டு. அதே வாக்கியம் மனிதரைப் பற்றிக் கூறப்படும்போது பெரும்பாலும் பொய். தமிழ்நாட்டின் வெப்பம் மிகுந்த வறண்ட சமவெளிகளிலிருந்து நம் மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர், ஆறாயிரம் அடி உயரத்துப் பனியிலும் மழையிலும் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உழைத்தனர். அவர்களுக்குக் கம்பளி கொடுக்கப்பட்டது. 'கம்பளி' என்ற நம் சொல்லே தோட்டத் துரைமாரின் ஆங்கிலத்தில் 'கம்ப்ளி' எனப் புகுந்து நிலைத்தது. ஆயின் அது கொடையன்று. அரிசியைப் போல அதன் விலையும் தொழிலாளியின் கணக்கிலே பற்று வைக்கப்பட்டது. கடனைக் குறித்த துண்டுச் சீட்டு தீராமல் வேறு தோட்டத்துக்குச் செல்லவும் இயலாது. 1921இலேதான் அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலைவழியே போட்டுக்கொண்டு மழையில் கொழுந்தெடுத்த பெண், தன் கடனையே போர்த்தி நின்றாள் எனலாம். அவள் குளிருக்குப் பழகியவள் என்று கூறியவருக்கு, நுவரெலியாவில் தம் வீட்டுக்குள் கணப்படுப்பு மூட்டாமல் இருக்க முடியவில்லை. குதிரையை ஆளாக நினைத்துப் போர்த்துவது ஒரு மடமை. ஆளைக் குதிரையாக நினைத்துப் போர்த்தாதிருப்பது மடமை அன்று, அது சுரண்டலின் தத்துவம். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பேகனின் கதையை முழுமையாகப் படிப்போர் அறிவர். மயிலுக்கு இரங்கிய அந்த வள்ளல் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தான். பரணரும் கபிலரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அவனிடம் பரிசில் வேண்டாமல், அழுதுகொண்டிருக்கும் அவளுக்கு அருளுமாறு வேண்டிப் பாடினர். பாடநூல்கள் மயிலை வைத்துக்கொண்டு அவளை விட்டுவிடுகின்றன.

எனவே நம் முடிபு யாது? வேளாண்மைக் கல்லூரியில் பயிலும் மாணவன் ஒருவன் நாளை அத்தகைய நாடொன்றிற் சென்று குதிரைப் பண்ணையிலே வேலை பெற்றால், அவனுக்கு நாம் சொல்லக்கூடியது இது. பிறந்து சில கிழமையேயான குட்டியும், நோயுற்றதும், மெலிந்ததும், மயிர் வெட்டப்பட்டதும், மெல்லிய தோலினமாய் மறைவற்ற வெளியில் நனைவதும் நடுங்குமானால், வாதம் செய்து நில்லாமல் முதலில் உலர்ந்த இடத்துக்குக் கொண்டுசென்று போர்த்த வேண்டும். நலமாய், உண்டு, மயிர் வளர்ந்த ஓராண்டுக் குதிரைக்குப் போர்வையின் பணத்தை வேறு வகையிற் செலவிடலாம்: மேற்கூரையும் காற்றைத் தடுக்கும் சுவரும் கொண்ட திறந்த கொட்டில், நீர் தேங்காத தரை, இராமுழுவதும் தின்ன உலர்ந்த புல், கூட ஒரு துணைக்குதிரை. கொட்டில் இருந்தால் எப்போது உள்ளே வருவது, எப்போது மழையில் நிற்பது என்பதைக் குதிரையே தீர்மானிக்கும். போர்வையைக் கழற்றும் ஆற்றல் அதற்கில்லை. கொட்டிலை விட்டு வெளியேறும் ஆற்றல் உண்டு. பாதுகாப்பு வகைகளுள் இது ஒரு பெரிய வேற்றுமை.

இவற்றையெல்லாம் செய்ய ஓர் ஆள் வேண்டும். காலையில் கழற்றி, மாலையில் போர்த்தி, மழைக்கு நடுவே வெளியில் சென்று பார்த்து வருபவர் பெரும்பாலும் குதிரையின் சொந்தக்காரர் அல்லர். குறைந்த கூலிக்கு விடியுமுன் எழும் இலாயத் தொழிலாளி. ஒரே ஆளிடம் அளவுக்கு மிஞ்சிய குதிரைகளை ஒப்படைத்தால், அவர் எல்லாவற்றுக்கும் வாரக்கணக்கில் கழற்றாத தடித்த போர்வையைப் பூட்டிவிட்டுப் போவதையன்றி வேறென்ன செய்ய இயலும்? குட்டிகளின் விலாவை எவரும் பார்ப்பதில்லை என்று மேலே கூறினோமே, அதற்கும் இதுவே காரணமாயிருத்தல் கூடும். ஆகவே அந்த மாணவன் வேலைக்குச் சேருமுன் தன்னிடம் எத்தனை குதிரைகள் ஒப்படைக்கப்படும் என்று கேட்டுக்கொள்ளட்டும். சேர்ந்தபின், போர்த்திய குட்டியாயின் நாளுக்கொரு முறையேனும் வார்களை அவிழ்த்து, போர்வையைத் தோளிலிருந்து பின்னே தள்ளி, வெறுங்கையை மயிருக்குள் விட்டுத் தோலையும் விலாவையும் தடவிப் பார்க்கட்டும், வியர்த்திருந்தால் கழற்றட்டும். போர்த்தாத குட்டியாயினும் அவ்வாறே தடவிப் பார்க்கட்டும். மேல்மயிர் நனைந்திருந்து அடிமயிர் உலர்ந்து சூடாயிருந்தால் அதனை மழையிலேயே விட்டுவிட்டு அடுத்த குட்டியிடம் செல்லட்டும்.